கலாதேவிக்குச் சீட்டில் விழுந்த வினைச்சொல்

என் மனைவி கலாதேவிக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் படிப்புக் கிறுக்குப் பிடித்தது. கிறுக்கு என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்தால் அன்று எனக்குச் சோறு கிடைக்காது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் வயதில் இருப்பவர்களோடு ஈப்போவில் பகுதிநேர ஆங்கிலப் பட்டப்படிப்புக்குப் போகிறவளை வேறு என்னவென்று சொல்வது?

சிலிம் ரிவருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அம்மா நல்லம்மாள் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஐந்தாம் படிவத் தேர்வில் கலா எல்லாப் பாடத்திலும் தேறி ஆங்கிலத்தில் மட்டும் தோற்றாள். அந்தச் செய்தி அவள் வீடு வந்து சேருமுன்பே தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் அம்மாவோடு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள். இரண்டு வருடம் மரம் வெட்டினாள். ரப்பரை அழித்துத் தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாக மாறியதும் ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு ஓட்டை பார்க்கும் வேலை. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். ஒரு சொட்டுக் கசிந்தாலும் அதைத் தள்ளிவிட வேண்டும். முப்பத்து மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

எங்கள் மகன் ஷர்வின் ஜொகூரில் வேலைக்குப் போய் வீடு வெறிச்சோடிய பிறகு ஒரு நாள் விண்ணப்பப் பாரத்தோடு வந்து நின்றாள். ஈப்போவிலேயே சிலிபினில் டயர் கடை வைத்திருக்கும் எனக்கு மூன்றாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. "இந்த வயசுல எதுக்கு கலா?" என்று கேட்டேன்.

"தோத்த பாடம்லா. அப்படியே விட்டுட்டுப் போவ முடியாது" என்றாள்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், எதையும் அப்படியே விட்டுவிட்டுப் போகிற பிறவி அவள் இல்லை. அதை நினைத்துப் பயந்துகொண்டே ஆறு வருடம் வாழ்ந்தவன் நான்.

இந்த வருடம் மார்ச் மாதம் நூருல் ஹுதா என்ற விரிவுரையாளர் ஒரு மைலோ டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னாராம். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஆங்கில வினைச்சொல். அதைப் பற்றி மூன்று பகுதியாகக் கட்டுரை எழுத வேண்டும். முதல் பகுதி சொல்லின் பொருளும் பிறப்பும். இரண்டாவது, கதைகளிலும் கவிதைகளிலும் அதை எப்படி ஆள்கிறார்கள் என்பது. மூன்றாவது, அந்தச் சொல் இயல்பாக வந்து உட்காரும் ஒரு சம்பவம், எழுதுகிறவரின் சொந்த வாழ்க்கையிலிருந்து. நான்கு வாரம் தவணை. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும்.

கலாவுக்கு விழுந்த சொல் ரிலென்ட்.

"நல்லா இருக்கே, டயர் பேரு மாதிரி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கு எதிரே அகராதியை விரித்து வைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தாள். ஒருவர் பிடிவாதமாக, கடுமையாக நிற்கிறார். யாருக்கும் அசைந்து கொடுப்பதில்லை. பிறகு ஒரு நேரத்தில் அந்தக் கடுமை தளர்கிறது. அந்தத் தளர்ச்சிதான் ரிலென்ட். லத்தீனில் வளைவது என்ற பொருளுள்ள ஒரு சொல்லிலிருந்து வந்ததாம். ஆங்கிலத்துக்கு முதலில் வந்தபோது கரைவது, உருகுவது என்று பொருளாம்.

"தமிழ்ல இதுக்கு ஒரே சொல் கெடைக்க மாட்டேங்குது. இரங்குறதுன்னா பாவம் பாக்குறது மாதிரி ஆயிருது. விட்டுக்கொடுக்குறதுன்னா தோத்துப் போன மாதிரி இருக்கு."

"எறங்கி வர்றதுன்னு வச்சுக்க" என்றேன்.

பேனாவை எடுத்தாள். "மனுசனுக்குச் சரி. மழைக்கு? அங்க மழையும் ரிலென்ட் ஆவுது, காய்ச்சலும் ஆவுது."

"மழை விட்டுச்சு, காய்ச்சல் விட்டுச்சுன்னுதானே சொல்றோம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் வாயிலிருந்து வந்ததை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை அடுத்த வாய்ச் சோறு வரைகூட நிற்கவில்லை. "மூணாவது பகுதிக்கு நான் யோசிக்கவே வேணாம். புஷ்பா இருக்காளே, அது போதும்."

புஷ்பலதா கலாவின் ஒரே தங்கை. தெலுக் இந்தான் பசாரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. கலாதான் பேசுவதில்லை. காரணம் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த காரணம் தவறு. சரியான காரணம் இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் புஷ்பாவுக்கும்.

ஷர்வினின் பட்டமளிப்புக்காக நாங்கள் ஜொகூருக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, புஷ்பாவோடு இருந்த என் மாமியார் நல்லம்மாள் தவறிவிட்டார் என்று அவள் வீட்டிலிருந்து தகவல் வந்தது. சர்க்கரை முற்றிக் காலில் புண் வைத்திருந்தவர். உடம்பு மறுநாள்வரை தாங்காது, அன்றைக்கே எடுத்தாக வேண்டும். தகன மேடையில் நாலரை மணிக்கு இடம் கிடைத்திருந்தது. நாங்கள் இருவரும் உடனே கிளம்பினோம். பள்ளி விடுமுறை தொடங்கிய நாள். சிரம்பானில் ஜாம், கோலாலம்பூரில் ஜாம், தஞ்சோங் மாலிம் தாண்டியதும் ஒரு லோரி கவிழ்ந்து வண்டிகள் அசையவே இல்லை. அழுது அழுது ஓய்ந்த கலா, கார்க் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

இரண்டரை மணிக்குப் புஷ்பா என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"அத்தான், எங்க வந்துட்டீங்க? இங்க நாலு மணிக்கு எடுக்கணும்ன்றாங்க. நாலரைக்கு மேல ராகு காலமாம். நான் தகன மேடை ஆளுகிட்ட பேசிட்டேன், அரை மணி நேரம் தள்ளிக்கலாம்னு சொல்லிட்டாரு. ராகு காலத்த நான் பாத்துக்குறேன், யாரு ஏசுனாலும் பரவால்ல. அக்கா வந்து வாய்க்கரிசி போடாம அம்மாவ எப்படி அனுப்புறது? அக்காட்ட குடுங்க."

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவளை எழுப்பினால் மறுபடியும் அந்த அழுகை. அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. ஜாம் எப்போது விடும் என்றும் தெரியவில்லை. ராகு காலத்தில் எடுத்தார்கள் என்ற பேச்சு நாளைக்கு என் தலையில்தான் விழும் என்றும் ஓர் எண்ணம். எல்லாமாகச் சேர்ந்து என் வாயில் அந்தப் பொய் வந்தது.

"அக்காட்ட கேட்டேன் புஷ்பா. எடுத்துரச் சொல்லிட்டா. நாங்க வர ஆறு மணி ஆயிரும்."

"அக்காவா சொன்னா?"

"ஆமா."

இருபது நிமிடத்தில் ஜாம் விட்டது. பீடோரில் திரும்பி நான் விரட்டிய விரட்டில் நாலு இருபத்தைந்துக்குத் தெலுக் இந்தான் போய்ச் சேர்ந்தோம். வீட்டு வாசலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கே எடுத்துவிட்டார்கள். தகன மேடைக்கு ஓடினோம், அங்கேயும் முடிந்திருந்தது.

கலா திரும்பி வந்து தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு அரை மணி நேரம்டி! ஒரு அரை மணி நேரம் உன்னால பொறுக்க முடியல?" தெருவே பார்த்தது. புஷ்பா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பதினாறாம் நாள் முடியட்டும் என்று நினைத்தேன். ஒரு வருடம் கடந்ததும், இனிமேல் சொன்னால் பொய்யைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகும் என்று தோன்றியது. அப்படியே ஓட்டிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் நான்கு வாரம் என் தட்டுக்கு எதிரே ரிலென்ட் உட்கார்ந்திருந்தது.

நூலகத்திலிருந்து பதினோரு நாவல்கள் கொண்டு வந்தாள். அந்தச் சொல் வரும் இடமெல்லாம் மஞ்சள் தாள் ஒட்டினாள். தொழிற்சாலையில் கையுறையைத் தூக்கிப் பார்ப்பது போலவே ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். கண்டுபிடித்ததை எல்லாம் அன்றன்று இரவுச் சாப்பாட்டின்போது எனக்குச் சொல்லியாக வேண்டும்.

"பாதிக்கு மேல 'இல்ல'யோடதான் வருது. அப்பன் எறங்கி வரல, காவக்காரன் எறங்கி வரல, புயல் விடல. கதைக்கு நடுவுல எல்லாம் இல்லதான். கடைசிக்குக் கிட்ட வரும்போதுதான் 'ஒருவழியா' எறங்கி வர்றாங்க. எழுதுறவங்க அந்தச் சொல்ல முடிவுக்குன்னு பத்திரமா வச்சிருக்காங்க."

இன்னொரு நாள்: "ஒன்னு கவனிச்சேன். கையில அதிகாரம் இருக்குறவனுக்குத்தான் இந்தச் சொல். வாசல்ல நிக்குறவன் ரிலென்ட் ஆவ முடியாது. கதவப் பூட்டி வச்சிருக்குறவன்தான் ஆவ முடியும்."

"அப்ப வாசல்ல நிக்குறவன் என்ன செய்யறது?"

"நிக்க வேண்டியதுதான்."

நான் தெலுக் இந்தானில் நிற்கிறவளை நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர் எடுக்க எழுவேன். கடையில் ஒரு காருக்கு நான்கு டயரையும் மாட்டிவிட்டு, நட்டு இறுக்கினேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் தூக்கிப் பார்ப்பேன். வாடிக்கையாளர் ஒருவர் கேட்டேவிட்டார், "என்னா அண்ணே, வீட்டுல சண்டையா?" இனிமேல்தான் சண்டை என்று சொல்ல வாய் வரை வந்தது.

கடைசிச் சனிக்கிழமை மாலை. மூன்றாவது பகுதியை எழுதி முடித்துவிட்டாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"எங்கம்மா முப்பத்தொரு வருசம் மரம் வெட்டுனாங்க. அவுங்க வாயில ஒரு புடி அரிசி போட எனக்கு அரை மணி நேரம் தேவப்பட்டுச்சு. என் தங்கச்சி எறங்கி வரல." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த எடத்துல சொல் எப்படி உக்காருது பாத்தீங்களா? மாத்தவே முடியாது."

ராகு காலத்தையே தள்ளி வைத்தவளை, அரை மணி நேரத்தைப் பேசி வாங்கியவளை, இவள் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்தப்போகிறாள். வாய்ப்பேச்சாக இருந்தவரை காற்றோடு போயிற்று. இனி அது பேப்பரில் நிற்கும். மதிப்பெண் வேறு வாங்கும்.

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். காரைக் கழுவினேன். அது காலையிலேயே கழுவின கார். அன்று எனக்குத் தூக்கம் இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் கடைசியாக ஒருமுறை காற்புள்ளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை அறைக்குள் வந்து இரண்டு முறையும் திரும்பிப் போனேன். மூன்றாம் முறை அவளே கேட்டாள். "என்னா வேணும்? எதுக்குக் குட்டி போட்ட பூன மாதிரி சுத்துறீங்க?"

"அந்த மூணாவது பகுதி தப்பு கலா."

"எங்க? கிராமரா?"

"புஷ்பா அரை மணி நேரம் காத்திருக்கேன்னு சொன்னா. நான்தான் எடுத்துரச் சொன்னேன். நீ சொன்னதாச் சொன்னேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். கத்தவில்லை. மடிக்கணினியை மெல்ல ஒதுக்கி வைத்தாள். பிறகு தொழிற்சாலையில் ஓட்டை பார்ப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எத்தன மணிக்குக் கூப்புட்டா?"

"ரெண்டரைக்கு."

"என்னா சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். ராகு காலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றதையும், அக்காட்ட குடுங்க என்றதையும் சொன்னேன்.

"நான் எங்க இருந்தேன்?"

"பக்கத்துல. தூங்கிட்டிருந்த."

"என்னைய எழுப்ப உங்களுக்குக் கை இல்லையா?"

"பயந்துட்டேன்" என்றேன். கேட்க எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

"அன்னிக்கு அவ உங்களையே பாத்தா. நான் அதப் பாத்தேன்" என்றாள். "என் மொகத்தப் பாக்க அவளுக்குத் தைரியம் இல்லன்னு நெனச்சேன். ஆறு வருசமா அப்படித்தான் நெனச்சுட்டிருக்கேன்." மடிக்கணினியை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். "வெளிய போங்க. எனக்கு இன்னும் எழுத வேண்டியது இருக்கு."

கூடத்தில் உட்கார்ந்து விசைப்பலகை தட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடு நடுவே ஓசை நின்றுவிடும். அழுகிறாளா, யோசிக்கிறாளா என்று எட்டிப் பார்க்கவும் துணிச்சல் வரவில்லை. பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கட்டுரையை ஏற்றிவிட்டாள். உடனே போனை எடுத்தாள். புஷ்பாவின் எண்ணை எப்போதோ அழித்துவிட்டதாகச் சொன்னவள், பார்க்காமலே அழுத்தினாள்.

"நான்தான்" என்றாள். பிறகு, "ஏன்டி நீ சொல்லல? ஏன்டி வாய மூடிட்டு நின்ன?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு வாரம் கழித்து, வேறு எதற்கோ பேச வேண்டி வந்தபோது கலாவே சொன்னாள். "அம்மாவும் போயாச்சு. ஷர்வினும் ஜொகூருல. அத்தானையும் நீ வெறுத்துட்டா உனக்கு யாரு இருக்கான்னு நெனச்சேன்கா" என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு, "அவ என்னையக் காப்பாத்துறேன்னு உங்களையும் காப்பாத்திட்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு இருந்தது, குழம்பு இருந்தது, பேச்சுதான் இல்லை. தேவைக்கு மட்டும் பேசினாள். வாரம் விட்டு வாரம் ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தானுக்குப் போனாள். வாசலில் கார் நின்றது. ஆனால் பஸ்ஸில்தான் போனாள். நிலையம் வரை கொண்டுபோய் விட மட்டும் எனக்கு அனுமதி. அவள் இறங்கும்போது, "நானும் வரவா?" என்று கேட்பேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவாள். நான் நடந்தது எல்லாவற்றையும் புஷ்பாவிடம் போனில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கத்தான்" என்றாள் அவள். கலா விடவில்லை.

ஜூன் மாதம் கட்டுரை திருத்தி வந்தது. மதிப்பெண்ணை என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அச்செடுத்த தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். எனக்காகவே விட்டுவிட்டுப் போனாள் என்று இப்போது தோன்றுகிறது. மூன்றாவது பகுதியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தெரியாத சொற்களுக்கு அவள் அகராதியையே புரட்டினேன். தங்கை காத்திருக்கத் தயாராக இருந்ததையும், ஒரு மனிதன் தூங்குகிறவளின் பேரில் பதில் சொன்னதையும் நேராக எழுதியிருந்தாள். ரிலென்ட் என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை. ஓரத்தில் நூருல் ஹுதா சிவப்பு மையில் கேட்டிருந்தார்: சம்பவம் நன்று, ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட வினைச்சொல் எங்கே? அதன் கீழே கலா பென்சிலால் இரண்டு வார்த்தை எழுதியிருந்தாள். அகராதி இல்லாமலே புரிந்தது. இன்னும் இல்லை.

அக்டோபரில் மாமியாரின் திதி வந்தது. புஷ்பா வீட்டில் படையல். வேலை நாள். கலா விடுப்பு எடுத்திருந்தாள். காலையில் வழக்கம்போல நிலையத்தில் விட்டேன். வழக்கம்போல, "நானும் வரவா?" என்று கேட்டேன். வழக்கம்போலக் கதவு சாத்தப்பட்டது. கடைக்குத் திரும்பி ஒரு வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி இருக்கும், போன் அடித்தது. புஷ்பாவின் எண்.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

அன்றைக்கு ஜாமில் கேட்ட மாதிரியே. கையெல்லாம் கறுப்பாக, வேனுக்குப் பக்கத்தில் நின்றபடி, "கடையிலதான்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் போன் கை மாறிய சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றது கலாவின் குரல். "இன்னும் படைக்கல. காக்காவுக்கும் வைக்கல. நீங்க வர எவ்வளவு நேரமாவும்?"

"கடைய சாத்திட்டு வரணும்" என்றேன். "ஒன்றரை மணி நேரம். கம்பார் பக்கம் ரோட்டு வேல நடக்குது, ஜாம் இருந்தா ரெண்டு மணி நேரம் ஆவும். நீங்க ரெண்டு பேரும் படைச்சிருங்க கலா, அம்மாவக் காக்க வைக்காதீங்க."

"அம்மாவக் கேட்டாச்சு" என்றாள். "ஜாம்ல நின்னா எங்க நிக்கிறீங்கன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. நீங்க வந்தப்புறம்தான் இல போடுவோம்."

வேன்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நட்டுகளை ஒருமுறை மட்டும் இறுக்கிவிட்டுக் கிளம்பினேன்.